சின்ன மாமா வீட்டில் குடித்த பால்

எங்கள் குடும்பத்தில் தீபாவளி என்றாலே எனக்கு எங்காவது ஓடிவிடத் தோன்றும். பட்டாசுக்குப் பயந்து இல்லை. சொந்தக்காரர்கள் நாற்பது பேர் ஒரு கூரைக்குக் கீழே கூடினால், அதில் ஒருத்தருடைய பிழைப்பிலாவது மண்ணைப் போடாமல் கலைய மாட்டார்கள் என்பது என் அனுபவம். நான் பார்த்த முதல் கூட்டத்தில் மண் விழுந்தது என் தலையில். அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பத்தொன்பது வயது, கல்யாணமாகி இரண்டு மாதம்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. என் புருஷனுடைய பெரியப்பா பம்பாயிலிருந்து அதற்கென்றே வந்திருந்தார். எனக்கு அவர் பெரிய மாமா. மாட்டுங்காவில் பலசரக்குக் கடை, செம்பூர்ப் பக்கம் திலக் நகரில் வீடு. எங்கள் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு யார் ரயிலேறினாலும் அவர் கை காட்டுகிற இடத்தில்தான் வேலை. கல்யாணப் பந்தலில் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, எல்லார் காதிலும் விழும்படியாகச் சொன்னார்: "விக்ரோலில புதுசா ஒரு கடை போடுதேன். தீபாவளிக்குப் புருசனும் பொண்டாட்டியுமா வந்து சேருங்க. சாவிய இவன் கையிலதான் குடுக்கப்போறேன். கடைக்குப் பொறத்தால ஒரு ரூம் கெடக்கு. ரெண்டு பேரு தாராளமா இருக்கலாம்."

மாமனார் அண்ணன் காலில் விழாத குறை. எனக்கோ அந்தக் கடைசிப் பேச்சு மட்டும்தான் காதில் ஏறியது. ஒரு ரூம்.

எங்கள் ஊரில் பம்பாய்க்காரன் பெண்டாட்டி என்று ஒரு வகை உண்டு. புருஷன் அங்கே பத்துப் பேரோடு ஓர் அறையில் சுருண்டு கிடப்பான். இவள் இங்கே மாமியாருக்குப் பணிவிடை செய்துகொண்டு கிடப்பாள். வருஷத்துக்கு ஒரு தடவை, கோயில் கொடைக்கு, அவன் பதினைந்து நாள் லீவில் வருவான். கையில் ஒரு டிரங்குப் பெட்டி, வாயில் நாலு இந்தி வார்த்தை. அவன் போன மறுமாதம் இவள் வாந்தி எடுப்பாள். அடுத்த லீவுக்கு அவன் வரும்போது பிள்ளை அவனைப் பார்த்து வீறிட்டு அழும். எங்கள் தெருவில் மட்டும் அப்படி ஆறு பேர் இருந்தார்கள். ஏழாவது ஆள் நானாக இருக்கக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசையே கிடையாது. விக்ரோலி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல், அந்த அறையில் அடுப்பை எந்த மூலையில் போடுவது என்று இரண்டு மாதம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முறைப்படி தலைத் தீபாவளிக்கு நாங்கள் என் அப்பா வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். அம்மா மாப்பிள்ளைக்கு வேட்டியும் எனக்குச் சேலையும் எடுத்து வைத்துவிட்டாள். மாமனார் போய், அண்ணன் கூப்பிட்டிருக்கிறார், பையன் பிழைப்பு விஷயம் என்று சொன்னதும் அப்பா வாயை மூடிக்கொண்டார். அம்மா அடுப்படியில் நின்று அழுதாள். நான் அழவில்லை. எனக்குத் தலைத் தீபாவளியைவிட அந்த அறை பெரிதாக இருந்தது. அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லியிருக்கலாம், அதைக்கூடச் செய்யவில்லை.

திருநெல்வேலியில் ஏறி, மதராஸில் வண்டி மாறி, மூன்று நாள் பயணம். கட்டிக்கொண்டு போன புளியோதரை இரண்டாம் நாள் மதியத்தோடு தீர்ந்தது. பூனாவுக்கு முன்னால் எங்கேயோ பொட்டல் காட்டில் வண்டி ஐந்து மணி நேரம் நின்றுவிட்டது. வழியில் விற்ற எதையும் வாங்கித் தின்ன எனக்குப் பயம். என் புருஷன் வழி நெடுக ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். கேட்டதற்கு மட்டும் பதில். புது இடம், புதுப் பொறுப்பு, கவலை இருக்கத்தானே செய்யும் என்று நானே அவருக்குச் சமாதானம் தேடிக்கொண்டேன். புதுப் பெண்டாட்டிகளுக்கு இந்த வேலை தானாக வந்துவிடும்.

தாதரில் இறங்கினால் பெரிய மாமா வீட்டு ஆள் யாரும் இல்லை. அதற்குப் பதிலாக என் புருஷனுடைய சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். அவர் எனக்குச் சின்ன மாமா. மெலிந்த உடம்பு, விரல்களெல்லாம் தகரம் கிழித்த தழும்பு. ஒரு காலத்தில் அண்ணன் கடையில் கூட்டாக இருந்தவர். நாலு வருஷத்துக்கு முன்னால் சண்டை போட்டுப் பிரிந்து, தாராவியில் தகரப் பெட்டி செய்கிற பட்டறை வைத்திருந்தார். அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போவதில்லை.

"அண்ணன் கடை ஆளு காலம்பறயே வந்து பாத்துட்டுப் போயிட்டான்" என்றார் சின்ன மாமா. "செம்பூருக்குப் போய்ச் சேர இன்னும் நேரமாவும். புள்ள மொகம் வாடிப்போய்க் கெடக்கு. நம்ம வீடு பக்கந்தான். மொகங் கழுவிட்டுப் போங்க."

நான் என் புருஷனைப் பார்த்தேன். "மொதல்ல பெரிய மாமா வீட்டுக்குப் போகாண்டாமா?" என்று மெதுவாகக் கேட்டேன். கேட்டேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் பிற்பாடு அதை நானே மறக்கும்படி ஆனது.

"அஞ்சு நிமிசந்தானட்டி, வா" என்றார்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். புதுசாகக் கல்யாணமானவர்கள் ஒரு ஊருக்கு முதன்முதலாகப் போனால், அந்த ஊரில் குடும்பத்துக்கு மூத்தவர் யாரோ அவர் வாசலில்தான் முதலில் கால் வைக்க வேண்டும். அங்கேதான் ஆலாத்தி சுற்றுவார்கள். அங்கேதான் பாலும் பழமும் முதல் வாய். அதற்கப்புறம் மற்ற வீடுகள், வயது வரிசைப்படி. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, யாருக்கும் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. வரிசை தப்பினால் தப்பியவர்கள் மூத்தவரை மூத்தவராக மதிக்கவில்லை என்று அர்த்தம். அதுவும் பேச்சில்லாத தம்பி வீட்டில் முதலில் வாய் நனைத்தால், கட்சி மாறிவிட்டதாகவே அர்த்தம்.

சந்துக் குழாயில் முகம் கழுவிவிட்டு வந்தால் வாசலில் சின்ன அத்தை தட்டோடு நின்றாள். சந்து அவ்வளவு குறுகல். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நின்றதும் பின்னால் வந்த தண்ணீர்க்காரி குடத்தோடு காத்து நிற்க வேண்டியதாயிற்று. "வாசல்லயே நில்லுங்க, நில்லுங்க" என்று சின்ன அத்தை சிரித்துக்கொண்டே சுற்றினாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீரில் விரலைத் தோய்த்து எங்கள் இரண்டு பேர் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தாள். மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றினாள். அண்ணன் வீட்டு உறவெல்லாம் அறுந்துபோன பிறகு அவள் வாசலுக்கு வந்த முதல் புது ஜோடி நாங்கள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

உள்ளே உட்கார வைத்துத் தம்ளரில் பால் கொடுத்தாள். சர்க்கரை போட்டு, சூடாக. கூட ஒரு வாழைப்பழம். நான் குடித்தேன். பெயருக்கு ஒரு வாய் வைத்துவிட்டுக் கீழே வைக்கிற நாகரிகமெல்லாம் அன்றைக்கு என்னிடம் இல்லை. மடக்கு மடக்கென்று முழுத் தம்ளரையும் குடித்து, பழத்தையும் தின்று, இன்னொன்று கொடுத்தால் தேவலை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பசி.

திலக் நகரில் பெரிய மாமா வீடு இரண்டாவது மாடியில். படி ஏறும்போதே மேலேயிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. விக்ரோலி, முலுண்டு, கல்யாண் என்று எங்கெங்கோ இருந்த சொந்தமெல்லாம் வந்து சேர ஆரம்பித்திருந்தது. பெரிய அத்தை பட்டுச் சேலை கட்டி, ஆலாத்தித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். காலையிலிருந்து அந்தச் சேலையை அவிழ்க்காமல் காத்திருந்தாள் என்று பிறகு சொன்னார்கள். பெரிய மாமா அவளுக்குப் பின்னால் நின்றார்.

"வண்டி அஞ்சு மணி நேரம் லேட்டு பெரியப்பா. நேரா ஸ்டேசன்லருந்துதான் வாரோம்" என்றார் என் புருஷன்.

தட்டைத் தூக்கிய பெரிய அத்தை அப்படியே நின்றாள். என் முகத்தையே பார்த்தாள். பிறகு கட்டை விரலை நீட்டி என் நெற்றியில் அழுத்தித் தேய்த்தாள். விரலைத் திருப்பி எல்லாரும் பார்க்கிற மாதிரி பிடித்தாள். சிவப்பாக இருந்தது.

"ஏன்யா, இப்பம் ஸ்டேசன்லயும் ஆலாத்தி எடுக்காவளோ?" என்றாள்.

முகம் கழுவத்தான் போனோம். முகத்தைக் கழுவியது ஆலாத்திக்கு முன்னால். அதற்கப்புறம் அந்தப் பொட்டைத் துடைக்க வேண்டும் என்று இரண்டு பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பஸ்ஸில் வரும்போது அவர் நெற்றியை நானும், என் நெற்றியை அவரும் பார்த்துக்கொண்டேதான் வந்தோம். திருடிய கோழியின் இறகைத் தலையில் செருகிக்கொண்டு வந்து நிற்கிற மாதிரி நின்றோம்.

பெரிய மாமா உள்ளே திரும்பினார். சட்டையை மாட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிப் படி இறங்கிக் கடைக்குப் போய்விட்டார். பெரிய அத்தை தட்டைத் தரையில் வைத்துவிட்டு, "உள்ள வாங்க, எதுக்கு வெளியவே நிக்கிய" என்றாள். யாரோ டிரங்குப் பெட்டியை உள்ளே இழுத்தார்கள். அதன் பின்னால் நாங்களும் போனோம்.

மறுநாள் என் புருஷன் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் ஊர் சுற்றிப் பார்த்தது என்று சொன்னால் அந்த ஒரு பகல்தான். கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி நடந்தோம். எங்கே திரும்பினாலும் தமிழ்ப் பேச்சு, மல்லிகைப் பூக்கடை, காபிக்கொட்டை வறுக்கிற வாசனை. பம்பாய் என்று சொல்லி மதராஸுக்குத்தான் கூட்டி வந்துவிட்டார்களோ என்று கேட்டேன், சிரித்தார். ஒரு ஓட்டலில் மசால் தோசை வாங்கிக் கொடுத்தார். நாலு முழம் பூ வாங்கி, தெருவில் நின்றே என் தலையில் வைக்கச் சொன்னார். "பெரிய மாமா கோவம் தணிஞ்சிரும், இல்லையா?" என்று கேட்டேன். "அதையே நெனைச்சுக்கிட்டு இருக்காத" என்றார். இவ்வளவு நல்ல மனிதரை இக்கட்டில் மாட்டிவிட்டேனே என்று தோன்றியது.

தீபாவளியன்று விடிவதற்கு முன்னால் நாற்பது பேர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஒரு குழாய்க்கு வரிசையில் நின்றோம். இட்லி வெந்து, கறிக்குழம்பு கொதித்த வாசனையில் மாடி முழுக்கக் கிறங்கியது. புது ஜோடியை முதல் பந்தியில் நடுவில் உட்கார வைப்பார்கள். எங்களை யாரும் கூப்பிடவில்லை. இரண்டாம் பந்தியில், கடையில் மூட்டை தூக்குகிறவர்களோடு என் புருஷன் உட்கார்ந்தார். அவர்களோடு உட்கார்ந்ததில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் உட்கார வைத்தவர்கள் கேவலம் என்று நினைத்துத்தான் வைத்தார்கள். பெண்கள் சாப்பிடும்போது என் இலையில் கறி விழவில்லை, எலும்புதான் விழுந்தது.

மதியம் பெரிய மாமா கட்டிலில் வந்து உட்கார்ந்தார். தீபாவளி மத்தியானம் எந்தக் கடையில் யார் இருப்பது என்று எல்லாரையும் கூட்டி வைத்துச் சொல்வது அவர் வழக்கம். சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்த சாவியை எடுத்துக்கொண்டார். புதுச் சாவி, மஞ்சள் தடவியிருந்தது. நான் அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த ஐந்து நிமிஷம் நான் வேண்டாத தெய்வம் இல்லை. அவர் என் புருஷன் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. பெரிய அத்தையின் தம்பியைக் கூப்பிட்டு அவர் கையில் சாவியை வைத்தார்.

யாரோ ஒருவர், "அப்பம் இவன்?" என்று என் புருஷனைக் காட்டிக் கேட்டார்.

"மொத வாய்ப் பாலு எங்கன குடிச்சானோ, அங்கனயே போயி வேலையும் கேக்கட்டும்" என்றார் பெரிய மாமா.

நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள், என்னை. பால் குடித்தது இரண்டு பேர். ஸ்டேஷனிலிருந்து நேராக வருகிறோம் என்று பொய் சொன்னது நான் இல்லை. ஆனால் பார்வை முழுக்க என் மேல். வந்த மருமகள்தானே குடும்பத்தைக் கெடுப்பாள், அதுதானே கணக்கு. என் புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு மாடிப்படியில் என்னிடம் சொன்னார்: "நீ அந்தப் பாலக் குடிக்காம இருந்திருக்கலாம்ட்டி."

நான் மன்னிப்புக் கேட்டேன். தெரியாமல் குடித்துவிட்டேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். இன்றைக்கு இதை எழுதும்போதும், போய் அந்தப் பத்தொன்பது வயதுக்காரியின் வாயில் இரண்டு போடலாமா என்றிருக்கிறது.

நாலு நாளில் ஊருக்குத் திரும்புகிற ஒரு குடும்பத்தோடு என்னை ரயிலேற்றிவிட்டார்கள். அவர் சின்ன மாமா பட்டறையில் வேலைக்கு நின்றார். படுக்கையும் அங்கேயே, தகரத் துண்டுகளுக்கு நடுவில். எங்கள் தெருவில் ஏழாவது பம்பாய்க்காரன் பெண்டாட்டியாக நான் போய் இறங்கினேன்.

எனக்கு முன்னால் அவர் கடிதம் போய்ச் சேர்ந்திருந்தது. என் மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரரை நிறுத்தி, இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லி, நான் கேட்கும்படியாகக் கேட்டாள். "அவளுக்குப் பசி தாங்கவில்லை. சித்தப்பா வீட்டுக்குப் போகலாம் என்று ரயிலடியில் அடம் பிடித்தாள். அதனால் பெரியப்பா கோபித்துக்கொண்டார்கள்." அடம் பிடித்தேனா? பெரிய மாமா வீட்டுக்கு முதலில் போக வேண்டாமா என்று நான் கேட்டது எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் பசித்ததும் உண்மை. இன்னொரு பழம் கிடைக்காதா என்று பார்த்ததும் உண்மை. அந்த உண்மை என் வாயை அடைத்துவிட்டது. என் முகத்திலேயே அலைச்சல் தெரிந்திருக்கும், அதைப் பார்த்துத்தான் அவர் போயிருப்பார், அப்படியானால் நான்தான் காரணம் என்று கொஞ்சம் கொஞ்சமாக நானே நம்ப ஆரம்பித்தேன்.

"ஒத்தத் தம்ளர் பாலுக்கு எம்மவன் பொழப்பக் குடிச்சவ." இது என் மாமியாருடைய வார்த்தை. மாடு கறக்கும்போது சொல்வாள். பிள்ளைக்குப் பால் ஆற்றும்போது சொல்வாள். விருந்தாளி வந்தால் என்னை அறிமுகம் செய்வதே இப்படித்தான். என் அம்மாவும் ஒரு தடவை, "கொஞ்சம் வாயக் கட்டியிருக்கக் கூடாதா?" என்றாள். அதற்கப்புறம் நான் அம்மா வீட்டுக்கு அதிகம் போகவில்லை. பாலைக் கையால் தொடுவேன், வாயில் வைக்க மாட்டேன். நானே எனக்குப் போட்டுக்கொண்ட தண்டனை அது. அதைப் பார்த்து ஊரில் ஒருத்தருக்கும் மனம் இளகவில்லை.

வருஷத்துக்குப் பதினைந்து நாள் அவர் வந்தார். ஏழு வருஷத்தில் நூற்றைந்து நாள் நான் அவரோடு குடித்தனம் நடத்தினேன். மகள் பிறந்து பத்து மாதம் கழித்து அவளைப் பார்த்தார். அடுத்தது ஆறாம் மாதத்தில் கலைந்தபோது அவருக்குக் கடிதம் போட்டோம், பதில் வருவதற்குள் நான் எழுந்து வேலை செய்ய ஆரம்பித்துவிட்டேன். அவர் வந்து நிற்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வராது, கூச்சம்தான் வரும். என்னால் கெட்டவர் என்ற கூச்சம். அவருக்கு எண்ணெய் தேய்த்து, மீன் பொரித்து, விசிறிவிட்டு, ஏழு வருஷமும் கடனைத் தீர்க்கிறவள் மாதிரி விழுந்து விழுந்து கவனித்தேன். அவர் அதையெல்லாம் சுகமாக வாங்கிக்கொண்டார்.

அறுபதுகள் முடியப்போகிற சமயத்தில் தாராவியில் அவருக்கு ஒரு கோலி கிடைத்தது. கோலி என்றால் ஓர் அறை. பத்தடிக்குப் பத்தடி, வாசலுக்கு வெளியே குழாய். மகளோடு என்னை வரச் சொன்னார். சின்ன மாமா மகள் கல்யாணத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் ராசியாகியிருந்தார்கள். ஏதோ நடந்ததுபோல் சண்டை போட்டார்கள், ஒன்றுமே நடக்காததுபோல் சேர்ந்துகொண்டார்கள். அந்த வருஷத் தீபாவளிக்குத் திலக் நகருக்கு எல்லாரும் போனோம்.

பெரிய அத்தைக்குச் சர்க்கரை வியாதி வந்து உடம்பு பாதியாகியிருந்தது. காலையில் அடுப்படியில் அவளும் நானும் மட்டும் இருந்தோம். முந்திரிக்கொத்து பொரித்துக்கொண்டிருந்தோம். நான் மாவில் முக்கிப் போட, அவள் புரட்டி எடுத்தாள். ஏழு வருஷம் நெஞ்சில் கிடந்ததை அன்றைக்கு இறக்கிவிடலாம் என்று நினைத்தேன்.

"அத்தை, அன்னைக்குத் தெரியாம நடந்துபோச்சு. மனசுல வச்சுக்காதிய" என்றேன்.

"எதுக்குட்டி?"

"அந்தப் பாலுக்குத்தான். அதனாலதான விக்ரோலிக் கடை இவுகளுக்கு இல்லாமப் போச்சு."

பெரிய அத்தை கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "கூறுகெட்டவளே, அந்தக் கடை எந்தம்பிக்குன்னு புரட்டாசிலயே முடிவாயிட்டு. நாந்தான் ஒத்தக் கால்ல நின்னு வாங்கிக் குடுத்தேன். உங்க மாமா உம் மாப்பிளைக்குக் கடுதாசி போட்டாவளே. கடை இல்லடா, தீபாவளிக்கு வேணும்னா வந்து நாலு நாள் இருந்துட்டுப் போங்கன்னு. அவன் ஒங்கிட்டச் சொல்லலியா?"

எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்தது. என் கை மாவில் அப்படியே இருந்தது.

"பெறவு எதுக்கு மாமா எல்லார் முன்னாலயும் பாலச் சொன்னாவ?"

"கல்யாணப் பந்தல்ல வாக்குக் குடுத்தாச்சுல்லா. பேச்சு மாறுனவன்னு பேரு வரக் கூடாது பாரு. நீங்களும் வசமா நெத்தியில பொட்டோட வந்து நின்னிய." இதைச் சொல்லும்போது அவளிடம் துளிகூட வெட்கம் இல்லை. பழைய மழையைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் பேசினாள். "போடுட்டி, சட்டி காயுது" என்றாள்.

போட்டேன். அந்தச் சட்டி முடியும் மட்டும் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொன்றாக எனக்கு விளங்கிக்கொண்டு வந்தது. வண்டி என்றைக்கு வருகிறது என்று சின்ன மாமாவுக்கு யார் சொன்னார்கள்? பேச்சில்லாத அண்ணன் வீட்டிலிருந்து அவருக்குச் செய்தி போயிருக்க முடியாது. அவர் ஐந்து மணி நேரம் தாதரில் காத்திருந்திருக்கிறார். சின்ன அத்தை தட்டும் பாலுமாகத் தயாராக நின்றிருக்கிறாள். இதை நான் ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. என் பசியைப் பற்றி நினைத்து நினைத்து வெட்கப்பட்டதில் வேறு எதையும் நினைக்க நேரமில்லை.

அந்தத் தீபாவளிச் சாப்பாட்டில் எங்களை முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். பெரிய மாமா தன் கையாலேயே எனக்குப் பாயசம் ஊற்ற வந்தார். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

சாயங்கால வெயிலில் பஸ்ஸுக்காக நின்றோம். மகள் கொஞ்சம் தள்ளி ஒரு கம்பத்தைச் சுற்றிச் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தாள். நான் கேட்டேன்.

"கடை இல்லன்னு பெரிய மாமா கடுதாசி போட்டாவளாமே. புரட்டாசிலயே."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "பெரியம்மா சொன்னாளா?" என்றார்.

"தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்தியளா?"

"அப்பாகிட்டப் போயி என்னன்னு நிக்கச் சொல்லுத? பந்தல்ல ஊரே கேட்டுச்சு. கடை இல்லன்னா, எனக்குத் தெறமை இல்லன்னுல்லா பேசுவானுவ. சித்தப்பாவுக்கு நாந்தான் எழுதுனேன், ஒரு வேலையாவது ஆகட்டும்னு. பால் விசயம் இப்பிடி வரும்னு நான் நெனைக்கல."

"சரி. அப்பிடி வந்துட்டு. நான் அடம் புடிச்சேன்னு எதுக்கு எழுதுனிய?"

அவர் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குப் புரியும் என்று நினைத்துத்தான் சொன்னார்.

"யாரு மேலயாவது போடணும்லாட்டி. ஆம்பள மேல விழுந்தா ஆயுசுக்கும் வெளிய தல காட்ட முடியாது. நீ வீட்டுக்குள்ள இருக்கவ. அம்மா ரெண்டு வார்த்த சொல்லுவா, நீ கேட்டுக்கிடுவ, அதோட போயிரும்னு இருந்தேன்."

அதோடு போய்விடும் என்று இருந்தாராம். அவர் என்னை ஒரு அடி அடித்திருந்தால் நான் மறந்திருப்பேன். பக்கத்துப் பெண்ணோடு போயிருந்தால்கூட ஒரு நாள் மன்னித்திருப்பேன். வருஷா வருஷம் ஊருக்கு வந்து, நான் குனிந்து காலில் எண்ணெய் தேய்த்துவிடும்போது, நான் எதற்காக இப்படிக் குனிகிறேன் என்று தெரிந்துகொண்டே காலை நீட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பஸ் வந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு அவர் ஏறினார். "ஏறு, எடம் கெடக்கு" என்றார். ஏறினேன். எங்கே போவேன்? ஊரில் மாமியார், அம்மா வீட்டில் அண்ணி. நான் ஏழு வருஷம் அழுது கேட்ட அறை இப்போது தாராவியில் இருந்தது. அதில்தான் போய் இறங்கினேன்.

அதற்கப்புறம் முப்பத்தொரு வருஷம் அந்த மனிதரோடு பம்பாயில் குடித்தனம் நடத்தினேன். பிள்ளைகளைப் பெற்றேன், வளர்த்தேன், கட்டிக் கொடுத்தேன். சண்டை போட்டதில்லை. எங்களைப் பார்த்தால் ஒற்றுமையான ஜோடி என்று சந்தில் எல்லாரும் சொல்வார்கள். தினமும் வேளை தவறாமல் அவருக்குச் சமைத்தேன். கேட்டால் தட்டில் போட்டேன், இன்னும் கேட்டால் இன்னும் போட்டேன். பட்டறையிலிருந்து எவ்வளவு சோர்ந்து வந்தாலும், கடைசியில் படுக்கையில் விழுந்து வாய் திறக்க முடியாமல் கிடந்த அந்த மூன்று மாதத்திலும், பசிக்கிறதா என்று மட்டும் நான் ஒரு நாளும் அவரைக் கேட்டதில்லை.